ஊர்ப்பெயர் சரிபார்க்கும் நிரலிற் பிழையுணர்த்தும் முறை

கணிப்பொறியில் தட்டச்சிட்ட பெயரொன்று ஏற்கத்தக்கதா என ஆராய்வது சரிபார்ப்புச் செயற்கூறு. தகாதது கண்டவிடத்து அஃது என்செய்தல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படுவது. எடுத்துக்காட்டுகள் தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களின் பெயர்கள்.

குரோம்பேட்டை என்பதனை நோக்குக. இதன்கண் உள்ள ‘ரோ’வை ஒருங்குறியில் இருவகையாற் பதியலாம். ரகரத்தின்பின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாக இடுதல் ஒன்று. ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியே இடுதல் மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கோ வெவ்வேறு. ஒருங்குறித் தரமே இவற்றை நிகரெனக் கொள்ளுதலின் இதனைப் பிழையெனல் பொருந்தாது. செயற்கூறு தானே ஒருவடிவாக்கிக் கொள்ளலாம். காலுக்கு மாறாக ரகரம் தட்டப்பெற்று ‘குரேரம்பேட்டை’ என வரின் நிலை வேறு. இரண்டும் உருவொத்தவை ஆதலின் இவ்வழு எளிதில் நிகழும். ஆயினும் அவ்வாறே ஒரு பெயர் இருத்தலும் கூடும். ஆண்டுத் திருத்தத்தை முன்மொழிந்து எழுதியவரை வினவுதலே முறை. மெய்யின்றி உயிர்க்குறி மட்டும் முதலில் நிற்பின் அஃது எழுத்தே ஆகாது. மறுத்தலன்றி வேறு வழியில்லை.

இனி, இலக்கணம் பயின்றார் வழுக்கும் இடமொன்று உண்டு. மொழிக்கு முதலாகும் எழுத்துக்களைத் தொல்காப்பியம் மொழிமரபில் வரையறுத்துள்ளது. ரகரம் அவற்றுள் இல்லை. அவ்விதியை அப்படியே நிரலில் அமைப்பின் ‘ராஜகீழ்ப்பாக்கம்’ மறுக்கப்படும். ‘ஜமீன் பல்லாவர’மும் அவ்வாறே. முன்னே இகரம் சேர்த்துத் தானே திருத்திக்கொள்ளின் தீமை இன்னும் பெரிது. சான்றிதழில் ‘ரங்கன்’ எனவும் பிறிதோர் ஆவணத்தில் ‘இரங்கன்’ எனவும் நிற்பின், இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்க அவர் அலுவலகந்தோறும் அலைதல் வேண்டும். யான் வகுப்பில் ‘இராமன்’ என்றே எழுதுவிப்பவன். எனினும் பிறர் பெயரை மாற்றும் உரிமை நிரலுக்கு இல்லை.

பிழையைக் கூறும் முறையும் கருதத்தக்கது. தாம்பரம் என்பது நமக்கு ஐந்தெழுத்து. ஒருங்குறியில் எட்டுக் குறியீடு. ‘ஏழாம் இடத்திற் பிழை’ எனப் பொறி கூறின் எழுதியவர் திகைப்பர். ஆதலின் எழுத்தெண்ணிக் கூறல் வேண்டும். படிவத்தில் நான்கு பிழைகள் இருப்பின் நான்கையும் ஒருங்கே காட்டுக. முதற்பிழையோடு நின்றுவிடின் எழுதியவர் நான்குமுறை மீள நேரும். தட்டச்சு வழு எதிர்பார்க்கத்தக்கதே. அதன்பொருட்டு நிரலோட்டத்தை முறித்தல் வேண்டா. பிழைப்பட்டியலை விடையாகத் திருப்பித் தருதல் சாலும். பெயர் வரவேண்டிய இடத்தில் எண்ணை அனுப்பியதுபோல, அழைத்த நிரலே தவறியவிடத்து மட்டும் ஓட்டத்தை நிறுத்துதல் தகும்.