அம்மாச்சி வைத்திருக்கும் போட்டோ



நான் கன்னிவாடியில் ஓர் இல்லத்தரசி. படித்தது பத்தாம் வகுப்புதான். தப்பிருந்தால் பொறுத்துக் கொள்ளுங்கள். பல வருஷமாக மனசுக்குள் கிடந்ததை இன்று உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எனக்கு ஆறு வயசிருக்கும்போது என் சித்தி காணாமல் போனார். 1996-ஆம் வருஷம். தையல் வகுப்புக்குத் திண்டுக்கல் போனவர் திரும்பவே இல்லை. பத்தொன்பது வயசு. நாலு நாள் தேடினார்கள். அப்புறம் தாத்தா, "போலீசு, கேசுன்னு போனா மத்த பொண்ணுகளை யாரு கட்டுவா?" என்று எல்லோர் வாயையும் அடைத்து விட்டார். ஊரில் "ஓடிப் போயிட்டா" என்றே பேச்சு முடிந்து போனது. அம்மாச்சி மட்டும் இன்னமும் ஒரு போட்டோவைச் சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறார். சித்தி பல் தெரியச் சிரிக்கும் போட்டோ.

போன மாசம் என் மகள் செல்போனில் ஒரு செய்தியைப் படித்துக் காட்டினாள். அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் 1981-இல் ஓர் இளம்பெண்ணின் பிணம் கிடைத்ததாம். கொலை. மான்தோல் சட்டை போட்டிருந்தார் என்பது தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. 37 வருஷம் பெயரே இல்லாமல் கிடந்தவரை, 2018-இல் கண்டுபிடித்தது சம்பளம் வாங்காத தொண்டர்கள்! கோலீன் ஃபிட்ஸ்பேட்ரிக், மார்கரெட் பிரஸ் என்ற இரண்டு பெண்கள் 2017-இல் தொடங்கிய அமைப்பு அது. பத்திரமாக வைத்திருந்த ரத்தத்திலிருந்து டி.என்.ஏ. எடுத்து, உறவினர் ஒருவருடைய டி.என்.ஏ.வோடு ஒப்பிட்டு, வம்சாவளி பார்த்து, மார்சியா கிங் என்ற பெயரைச் சொன்னார்கள். மகள் என்றைக்காவது கூப்பிடுவாள் என்று அவருடைய அம்மா வீட்டையும் மாற்றவில்லை, போன் நம்பரையும் மாற்றவில்லையாம். அதைக் கேட்டதும் எனக்கு அம்மாச்சி ஞாபகம்தான் வந்தது.

அதே நாட்டில் பிலடெல்பியா நகரில் 1990 முதல் 'விடோக் சங்கம்' என்று ஒன்று இருக்கிறது. தடய அறிவியல் நிபுணர்கள், டாக்டர்கள், ஓய்வு பெற்ற போலீசார் எல்லாம் ஒன்றாகச் சாப்பிட்டபடியே, துப்புத் துலங்காத பழைய கொலை வழக்குகளை அலசி யோசனை சொல்கிறார்கள். கூலி கிடையாது.

நம் ஊர் மட்டும் இளைத்ததா என்ன? விஷத்தைச் சோதிக்க 1849-லேயே சென்னையில் ஆய்வுக்கூடம் வந்து விட்டது. 1952-இல் ஆளவந்தார் கொலை வழக்கைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தலையில்லாத உடல் ரயில் பெட்டிக்குள் டிரங்குப் பெட்டியில் மானாமதுரையில் கிடைத்தது. தலை ராயபுரம் கடற்கரை மணலில் கிடைத்தது. இரண்டும் ஒருவருடையதே என்று சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சி.பி. கோபாலகிருஷ்ணன் நிரூபித்தார். 1995-இல் டெல்லி தந்தூரி அடுப்புக் கொலையில் உடல் கருகிப் போயிருந்தது. பெற்றவர்களின் ரத்தத்தோடு டி.என்.ஏ.வை ஒப்பிட்டுத்தான் இன்னார் என்று உறுதி செய்தார்கள்.

இதையெல்லாம் விசாரித்தபோது இரண்டு விஷயம் எனக்கு உறைத்தது. மண்டை ஓட்டின் படத்தையும் முகத்தின் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பொருத்திப் பார்ப்பார்களாம். பல் தெரியும் போட்டோ என்றால் பொருத்துவது சுலபம். இன்னொன்று, தாய் வழியாக மட்டும் வரும் ஒருவகை டி.என்.ஏ. உண்டு. அம்மாச்சியிடம் இருப்பது என் அம்மாவிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. அம்மாச்சிக்கு எழுபத்தெட்டு வயசு. அவருக்குப் பின்னாலும் எங்கள் ரத்தம் சித்திக்காகச் சாட்சி சொல்லும்!

சித்திக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. எங்கேயோ உயிரோடு நல்லா இருக்கட்டும் என்றுதான் வேண்டுகிறேன். ஆனால் புகாரே கொடுக்காத பெண்ணை எந்த நிபுணர் வந்து தேடுவார்? ஒரு பிணம் கிடைத்தாலும் எந்தப் பெயரோடு ஒப்பிடுவார்?

அம்மா முதலில், "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்குடி?" என்று அழுதார். என் வீட்டுக்காரர்தான், "கொலைக்குக் காலக்கெடு கிடையாது அத்தை, எப்ப வேணாலும் விசாரிக்கலாம்" என்று எடுத்துச் சொன்னார். சென்ற வாரம் மூன்று தலைமுறைப் பெண்களும் காவல் நிலையம் போய் மனு கொடுத்தோம். ரசீதும் வாங்கிக் கொண்டோம். வெளியே வந்ததும் அம்மாச்சி, "ஏந் தாயி, என் ரத்தத்த எப்ப எடுப்பாக?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

தோழிகளே, வீட்டில் யாராவது காணாமல் போனால் கௌரவம் பார்க்காதீர்கள். ஒரு நாள் பொறுத்துப் பார்ப்போம் என்றும் இருக்க வேண்டாம், உடனே புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். பல் தெரியும் போட்டோ, மச்சம், தழும்பு, பல் வைத்தியம் செய்த சீட்டு எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். நம் மாநிலத்தில் ஓய்வு பெற்ற தடயவியல் நிபுணர்களும் டாக்டர்களும் மாசத்துக்கு ஒரு நாள் இப்படிக் கூடினால், எத்தனையோ அம்மாச்சிமார்களுக்குப் பதில் கிடைக்கும். செய்வார்களா?

— ஒரு வாசகி, கன்னிவாடி.