ஆற்றுப்படுத்துவோரும் அவர்தம் நம்பிக்கையும்

பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை என்பதை நாம் அறிவோம். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையோடு எதிரே வருபவனுக்கு வழி சொல்லி அனுப்புவான். அவன் எதிரே வருபவனின் தேவையை நோக்கியே பேசுகிறான்; நடக்க வேண்டியவன் கேட்பவனே. இன்று ‘கவுன்சிலிங்’ என வழங்கும் பணிக்குத் தமிழில் ஆற்றுப்படுத்துதல் என்று பெயர் அமைந்தது மிகப் பொருத்தம். மனச்சுமையோடு வருபவர் தம் வழியைத் தாமே காணத் துணை நிற்பதே அப்பணி.

ஆனால், இப்பணியைக் கற்க வருபவரும் மனிதர்தாமே! வீடும் சமயமும் ஊரும் ஊட்டிய நம்பிக்கைகள் அவருக்கும் உண்டு. எதிரே அமர்ந்த இளைஞர் ஒருவர், “எனக்கு ஆண்கள் மீதே நாட்டம் செல்கிறது, வீட்டில் பெண் பார்க்கிறார்கள், என்ன செய்வேன்?” என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தன்பாலீர்ப்பு தவறு என்று உளமார நம்பும் பயிற்சி மாணவர் என்ன விடை சொல்வார்? தம் நம்பிக்கையைச் சொல்வாரா? தொழில்நெறி கற்பித்ததைச் சொல்வாரா?

முதலில் அறிவியல் சொல்வதைக் காண்போம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-இல் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் 1990-இல் அவ்வாறே செய்தது. இது மனநோய் அன்று என்பதை இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2018-இல் தெளிவாக அறிவித்தது. அவ்வாண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் இருவர் மனம் ஒப்பி வாழ்வது குற்றமாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சமூகத்தின் ஒழுக்க வழக்கங்களுக்கோ சமய நம்பிக்கைகளுக்கோ ஒருவர் ஒத்துப்போகவில்லை என்பதைக் கொண்டு அவரை மனநோயாளி என முடிவு செய்யக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் கூறுகிறது. ஆகவே, நோயில்லாத இடத்தில் ‘குணமாக்குகிறேன்’ என்பது மருத்துவமும் ஆகாது, ஆற்றுப்படுத்தலும் ஆகாது.

இம்முரண்பாடு அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. ஜார்ஜியாவின் அகஸ்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஒரு மாணவி, தன்பாலீர்ப்பு ஒழுக்கக்கேடு என்று கருதினார். 2010-இல் ஆசிரியர்கள் அவருக்குக் கூடுதல் பயிற்சி விதித்தார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்திலோ மற்றொரு மாணவி, தம்மிடம் ஒதுக்கப்பட்டவரை வேறோர் ஆலோசகரிடம் அனுப்புமாறு வேண்டினார், 2009-இல் நீக்கப்பட்டார். அவருடைய சமய நம்பிக்கைக்காகவே நீக்கம் நடந்ததா என்பதை விசாரிக்க வேண்டும் என்று 2012-இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கேள்வி எளிதன்று என்பதற்கு இவ்விரு வழக்குகளே சான்று. இறுதியில், தம் சொந்த நம்பிக்கையை மட்டும் காரணம் காட்டி ஒருவரை வேறிடத்துக்கு அனுப்பக் கூடாது என்று அமெரிக்க ஆலோசகர் சங்கம் 2014-இல் தன் நெறிமுறையில் எழுதிவைத்தது.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஒருவரையொருவர் விரும்பிய மதுரைப் பெண்கள் இருவர், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்து, பாதுகாப்புக் கோரிச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் முழுதும் உணரவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் தாமே அமர்ந்து பாடம் கேட்டார். அதன் பின்னரே 2021 ஜூன் 7-ஆம் நாள் விரிவான ஆணை பிறப்பித்தார். ஒருவரது ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வது அவ்வாணையில் தடை செய்யப்பட்டது. அவ்வழக்கின் தொடர்ச்சியாகத் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் அத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’யைத் தொழில்முறைத் தவறு என அறிவித்தது. உயர்ந்த பதவியிலிருந்தவர் தம் எண்ணத்தை மறைக்கவில்லை. அதையே தீர்ப்பாக எழுதிவிடவும் இல்லை. கற்றுக்கொண்டு எழுதினார். பயிற்சி மாணவர்க்கு இதைவிட நல்ல பாடம் வேறென்ன வேண்டும்?

இனி நம் வட்டாரத்துக்கு வருவோம். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின், தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் இளைஞர் பலர் இங்கே வேலைக்கு வந்து விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்குகிறார்கள். அவர்களுள் ஒருவர் துணிந்து ஆலோசகரை நாடும்போது, “இது எனக்கு உடன்பாடில்லை, வேறொருவரைப் பாருங்கள்” என்றால் அவர் எங்கே போவார்? புகழ்பெற்ற நிமான்ஸ் மருத்துவமனை பெங்களூரில் அதே ஓசூர்ச் சாலையில்தான் உள்ளது. ஆயினும் அஞ்செட்டியிலிருந்தோ ஊத்தங்கரையிலிருந்தோ அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகும். அதைவிடப் பெரிய இழப்பு, ஒருமுறை புறக்கணிக்கப்பட்டவர் மறுமுறை வாய் திறக்க அஞ்சுவது. தமக்குத் திறன் போதாதபோது வல்லவரிடம் அனுப்புவது கடமை. மனம் ஒப்பாமல் அனுப்புவதோ கதவடைப்பு.

“என் மனச்சான்றுக்கு மாறாக நடக்கச் சொல்வது முறையா?” என்று மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. நம்பிக்கையைக் கைவிடும்படி எவரும் கேட்கவில்லை. புலால் உண்ணாத செவிலியர், புலால் உண்பவருக்குப் பணிவிடை செய்ய மறுப்பதில்லை. அதனால் அவருடைய நோன்பு கெடுவதும் இல்லை. ஆலோசனை அறையில் நடப்பது வந்தவரின் வாழ்க்கை பற்றிய பேச்சு. அங்கே ஆலோசகரின் கொள்கை தீர்ப்பாக நுழையக் கூடாது.

இதற்குப் பயிற்சியிலேயே வழிகள் உண்டு. மனத்தில் எழும் அருவருப்பையோ அச்சத்தையோ மறைக்காமல் மேற்பார்வை ஆசிரியரிடம் பேச வேண்டும். வந்தவர் சொன்னதை அவர் இசைவின்றி வீட்டாருக்குத் தெரிவிக்கக் கூடாது. “கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடும்” என்ற ஊர்ப்பேச்சை ஆலோசனையாகச் சொல்லவே கூடாது. அந்தச் சொல்லை நம்பி மணமேடை ஏறும் மற்றொருவரின் வாழ்வும் அதில் சிக்குகிறது அல்லவா?

நம் கல்லூரியிலிருந்து நாளை ஆசிரியர்களாகவும் தொழிற்சாலை அலுவலர்களாகவும் ஆலோசகர்களாகவும் செல்லவிருக்கும் நண்பர்கள் பலர். உங்கள் முன் ஒருவர் நடுங்கும் குரலில் தம் உள்ளத்தைத் திறக்கும் நாள் வரலாம். அன்று அவர் கேட்க வந்தது உங்கள் கொள்கையை அன்று, தம் வழியை. அதைக் காண அவருக்குத் துணை நில்லுங்கள்.