கோதுமையை விலக்குமுன்

சங்கங்களைப் பார்வையிடச் செல்லுமிடங்களில், “வயிற்றுக் கோளாறு தீரச் சில நாட்கள் கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?” என்று நம் மாவட்டத்து அங்கத்தினர் சிலர் வினவுகின்றனர்.

கோதுமை, பார்லி ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்னும் புரதம் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. சீலியாக் நோயுடையோருக்கோ அது சிறுகுடலைப் பழுதாக்கி, வயிற்றுப்போக்கும் இரத்தச்சோகையும் விளைவிக்கும். கோதுமையே இந்நோயைத் தூண்டுகிறது என்பதை டச்சு மருத்துவர் வில்லெம் டிக்கே 1950-இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

ஆகவே ஐயமுடையோர் முதலில் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதற்கு முன்னரே கோதுமையை நிறுத்தினால், நோய் இருந்தும் சோதனையில் புலப்படாது போகலாம். நோய் உறுதியானாலோ சில நாள் பத்தியம் போதாது. வாழ்நாள் முழுவதும் விலக்கவேண்டும்.

புதுக்கோட்டைச் சீமையில் இது கடினமன்று. அரிசி, வரகு, சாமை, கேழ்வரகு எதிலும் குளூட்டன் இல்லை. ஆயினும் மைதா, ரவை, கோதுமை மாவு சேர்ந்த கூட்டுப் பெருங்காயம் ஆகியவற்றில் அது மறைந்திருக்கும். கோதுமை அரைத்த இயந்திரத்திலேயே கேழ்வரகை அரைத்தாலும் கலந்துவிடும்.

மாவு மில் நடத்தும் சங்கங்கள் சிறுதானியத்திற்கெனத் தனி இயந்திரம் ஒதுக்குவது நன்று. நோயாளிக்கு அது பாதுகாப்பு. வரகு விளைவிக்கும் அங்கத்தினருக்கு அது புதிய சந்தை.