பத்துக்குப் பத்து அறையில் மிருதங்கம்

காரைக்காலில் புதிதாக எழும்பும் வீடுகளில் பாட்டுக் கேட்கும் அறை பல நேரம் பத்துக்குப் பத்துதான். உயரமும் பத்தடி. சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், மூலையில் இரும்பு பீரோ. இப்படிப்பட்ட அறையில் லட்ச ரூபாய் ஸ்பீக்கரை வைத்தாலும் மிருதங்கம் மிருதங்கமாகக் கேட்காது.

மிருதங்கத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையில் கருப்புச் சாதம் பூசியிருக்கும். இந்தப் பூச்சால், சாதாரணத் தோல்கருவிக்கு அமையாத சுருதி ஒழுங்கு நம் மேளங்களுக்கு எப்படி வாய்க்கிறது என்று 1920-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன். இடப்பக்கத் தோலான தொப்பியிலோ கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். அந்தக் கனம் நாதத்தைக் கீழே இறக்கி, கும்கி என்னும் இழுபட்ட நாதத்துக்கு ஆழம் கொடுக்கிறது. அறை முதலில் கெடுப்பது இந்த ஆழத்தைத்தான்.

கணக்கு எளியது. 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் ஓடும். 57 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் சுமார் 20 அடி. அதில் பாதி, எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே கச்சிதமாகப் பொருந்திவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றாக இருந்தால் மூன்று திசையிலும் அதே ஒலி எகிறும். சுவரோரம் உட்கார்ந்தவருக்குக் காது அடைக்கும். அறை நடுவில் இருப்பவருக்கு அந்த நாதமே காணாமல் போகும். முற்றமும் ஓட்டுக்கூரையும் உள்ள பழைய வீடுகளில் இந்தத் தொல்லை குறைவு. கீழ்நாதம் வெளியேற அங்கே வழி இருக்கிறது.

சுவரில் மெல்லிய ஃபோம் தகடோ முட்டை அட்டையோ ஒட்டி இதைச் சரிசெய்ய முடியாது. 57 ஹெர்ட்ஸுக்கு அவை இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

இதற்கு வேறு வழி, கீழ்நாத ஸ்பீக்கரான சப்வூஃபருக்குச் சரியான இடம் தேடுவது. நாம் உட்காரும் நாற்காலியில் சப்வூஃபரை வைத்து, பேஸ் நிறைந்த பாட்டை ஓடவிட வேண்டும். பிறகு சுவரோரமாகத் தவழ்ந்தபடி கேட்டுக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் ஒவ்வொரு நாதமும் ஒரே அளவில் கேட்கிறதோ, அங்கே சப்வூஃபரை வைக்கலாம். மூலையில் வைத்தால் சத்தம் கூடும், தெளிவு போகும்.

மேல்நாதத்துக்கு ஒரு கண்ணாடி போதும். ஒருவர் அதைப் பக்கச் சுவரில் நகர்த்தட்டும். நாற்காலியிலிருந்து பார்க்கும்போது மேல்நாத ஸ்பீக்கரான ட்வீட்டர் கண்ணாடியில் எந்த இடத்தில் தெரிகிறதோ, அங்கே புத்தக அலமாரியோ கனமான திரையோ வர வேண்டும்.

கடலோர ஊருக்கே உரிய சிக்கலும் உண்டு. ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்பை ஈரக்காற்று சில ஆண்டுகளில் அரித்துவிடும். விரல் பட்டாலே பிசுபிசுத்து உதிரும். உப்புக்காற்று பட்ட செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறும். இங்கே ரப்பர் விளிம்புள்ள ஸ்பீக்கரே நல்லது. ஒயர் முனைகளை அவ்வப்போது சுரண்டித் துடைக்கவும் வேண்டும்.

புது ஸ்பீக்கருக்குப் பணம் ஒதுக்கும் முன், இருப்பதைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து வையுங்கள். காரைக்கால் பண்பலையைப் போட்டு, பழகிய அறிவிப்பாளரின் குரலைக் கேளுங்கள். குடத்துக்குள்ளிருந்து பேசுவது போலிருந்தால் இன்னும் அரையடி இழுத்துப் பாருங்கள்.