காளான் பறிக்கும் கைகளுக்கும் ஒரு பங்கு வேண்டும்



சம்பளம், வீடு, பள்ளிக்கூடம் என்று பேசிவரும் இந்தப் பகுதியில் காளானுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. நம்மிடம் இருக்கும் சொத்துகளில் எழுதி வைக்கப்படாத சொத்து ஒன்று உண்டு. லயங்கள் காலியாகக் காலியாக அதுவும் கைநழுவிப் போகிறது. அதைப் பற்றித்தான் இன்று பேச வேண்டும்.

இடி இடித்து நாலு நாள் மழை பெய்தால் போதும். புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) தோட்டங்களில் பெரியம்மாக்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பி விடுவார்கள். எந்த நிரையில் எந்தப் புற்று, மழை விட்டு எத்தனையாம் நாள், எது குழம்புக்கு ஆகும், எது ஆகாது, எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். “காளானைப் பறிச்சுக்கோ, புத்தை மட்டும் வெட்டிப்புடாதே, வெட்டினா அடுத்த வருசம் பூக்காது” என்பார்கள்.

இதைக் கிழவி பேச்சு என்று ஒதுக்குபவர்கள் உண்டு. விஞ்ஞானம் என்ன சொல்கிறது? புற்றுக் காளான் என்பது கறையான் செய்யும் விவசாயம். காய்ந்த இலையையும் மரத்தையும் தின்று புற்றுக்குள் கொண்டுவந்து, தேனடை போல ஓர் அடை கட்டி, அதில் காளானின் நூலை வளர்க்கிறது கறையான். கட்டையை மக்க வைப்பது காளானின் வேலை. மக்கியதைத் தின்பது கறையான். மழைக்காலத்தில் அந்த நூல்தான் மண்ணைப் பிளந்து குடையாக வெளியே வருகிறது. புற்றைச் சிதைத்தால் கறையான் போகும். கறையான் போனால் காளானும் போகும். பெரியம்மா சொன்னதும் இதுதானே!

இந்த உண்மையை ஏட்டில் ஏற்றிய கதை நம் முன்னோர் மண்ணிலேயே தொடங்குகிறது. தரங்கம்பாடிக்கு டேனிஷ் மருத்துவராக வந்த யோகான் கேர்ஹார்ட் கோனிக் தஞ்சை வட்டாரத்துக் கறையான் புற்றுகளை ஆராய்ந்து, உள்ளே காளான் வளர்வதை 1779-இல் எழுதினார். ரோஜே ஹைம் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் காளான் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று 1942-இல் பெயர் வைத்தார். மலாய்க்காரர்கள் இதை ‘செண்டாவான் பூசுட்’ என்பார்கள். பெயர் வைத்தாயிற்று, ஆராய்ந்தாயிற்று. ஆனால் கறையான் இல்லாமல் இதைக் கொட்டகையில் பயிராக்கி விற்க இன்றுவரை முடியவில்லை. ஏன் வளர்கிறது என்று சொல்வது விஞ்ஞானம். எங்கே, எப்போது வளரும் என்று சொல்வது தோட்டத்துத் தாய்மார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் முழு அறிவு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்மவர் அறிவு ஒரே இடத்தில் நின்றுவிடவில்லை. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் நம் கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரத்தில்தான் உருவானது. பால்மரக் காலத்தில் பட்ட கட்டைகளில் முளைக்கும் காளானைப் பறித்தவர்கள், செம்பனை வந்த பிறகு ஆலை கழித்துப் போடும் வெற்றுக் குலைகளில் முளைக்கும் வைக்கோல் காளானைப் பறிக்கக் கற்றுக்கொண்டார்கள். எந்தப் பள்ளியில் படித்தார்கள்? பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களையும் பூர்வக்குடி மக்களையும் பார்த்து, கேட்டு, சமைத்துப் படித்தார்கள்.

காடு தேடும் மக்களின் அறிவோடு ஆய்வுக்கூடம் கைகோத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் புலிப்பால் காளான் சாட்சி. ‘செண்டாவான் சூசு ரிமாவ்’ என்று சொல்லி, தாய்ப்புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பது என்று கதையும் சொல்வார்கள். மண்ணுக்கடியில் கிழங்கு போல ஒரு கட்டி இருக்கும், அதுதான் மருந்து. இருமலுக்கும் இளைப்புக்கும் பூர்வக்குடி மக்கள் காலங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். பினாங்கில் கிடைத்த மாதிரியை வைத்து 1879-இல் குக் என்ற ஆங்கிலேயர் அதற்கு விஞ்ஞானப் பெயர் கொடுத்தார். காட்டில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்றுதான் கிடைக்கும் என்பதால் ஆராய்வதற்கே போதாமல் இருந்தது. மார்டி விஞ்ஞானியாக இருந்த டான் சோன் செங் அதைச் செயற்கையாக வளர்க்கும் முறையைக் கண்ட பிறகுதான் ஆய்வு சூடுபிடித்தது. 2014-இல் அதன் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். ஆனால் ஒன்று: இளைப்புக்கு டாக்டர் கொடுத்த மருந்தை விட்டுவிட்டு இதை நம்பி யாரும் இருந்துவிடாதீர்கள்.

கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்தின் லீ சூ சீயும் அவருடைய சகாக்களும் பூர்வக்குடிக் கிராமங்களுக்கே போய், எந்தக் காளானை உணவாக்குகிறார்கள், எதை மருந்தாக்குகிறார்கள் என்று கேட்டு 2009-இல் வெளியிட்டார்கள். கெப்போங் நமக்கு எட்டாத தூரமா? அதே கேள்வியோடு நம் லயங்களுக்கும் வரச் சொல்லி நாம் அழைக்க வேண்டும்.

ஏன் இந்த அவசரம்? உயிர்ப் பிரச்சினை தோழர்களே! தெரிந்தவர்கள் குறைந்து, தெரியாதவர்கள் பறிக்கும் காலம் இது. ஓர் ஊர் அறிவு இன்னோர் ஊரில் உதவாது. 2011 கடைசி நாளில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் சீனச் சமையற்காரர் ஒருவர் அமானிட்டா இனத்து நச்சுக் காளானை வைக்கோல் காளான் என்று நம்பிச் சமைத்ததாகச் செய்தி வந்தது. சாப்பிட்டவர்களில் இருவர் சில நாட்களில் இறந்தார்கள். நம் நாட்டுக்கு வேலை தேடி வந்திருக்கும் வங்காளதேச, நேப்பாள, இந்தோனேசியத் தோழர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

வெள்ளிக்காசு கறுக்கவில்லை, பூண்டு நிறம் மாறவில்லை, புழு தின்றிருக்கிறது, அதனால் நல்ல காளான் என்பதெல்லாம் பொய்ப் பரீட்சை. புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக வரும் குளோரோபில்லம் புற்றுக் காளானைப் போலவே ஏமாற்றும். தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் போட்டு வதைக்கும். குடையைக் கவிழ்த்து வெள்ளைத்தாளில் ஓர் இரவு வைத்தால் அதன் தூள் பச்சையாக விழும். பச்சை விழுந்தால் தூக்கி எறியுங்கள். பச்சை விழாவிட்டால் நல்ல காளான் என்று அர்த்தமில்லை. ஆளைக் கொல்லும் அமானிட்டாவின் தூள் வெள்ளைதான். அதன் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத்தான் வயிற்றைப் புரட்டும். பிறகு சரியானது போலக் காட்டி ஈரலைத் தின்றுவிடும். சந்தேகம் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மீந்த காளானையும் கையோடு கொண்டுபோங்கள்.

மருந்தடித்த நிரையில் முளைத்ததையும் தொடாதீர்கள். பாராகுவாட் 2020-இல் தடை செய்யப்பட்டது. ஆனால் புல்லுக்கு மருந்தடிப்பது நிற்கவில்லை. எந்த நிரையில் என்றைக்கு அடித்தார்கள் என்பது தெளிப்பு வேலை செய்யும் பெண்களுக்குத் தெரியும். அந்த விவரமும் காளான் அறிவில் ஒரு பகுதிதான்.

கடைசியாக, உரிமை. உயிரியல் வளங்களை எடுப்பதற்கும் அதன் பயனைப் பகிர்வதற்கும் 2017-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டு 2020 டிசம்பரில் அமலுக்கு வந்தது. பூர்வக்குடி மக்களின், உள்ளூர்ச் சமூகங்களின் பாரம்பரிய அறிவைப் பயன்படுத்துகிறவர்கள் அவர்களின் சம்மதம் கேட்க வேண்டும், பயனில் பங்கு தர வேண்டும் என்பது அதன் சாரம். மூன்று, நான்கு தலைமுறையாக ஒரே மண்ணில் வாழ்ந்த தோட்டத்து மக்கள் உள்ளூர்ச் சமூகம் இல்லையா? வெட்டிய பாலுக்குக் கூலி கேட்டுப் போராடியவர்கள் நாம். சொல்லிக் கொடுத்த அறிவுக்கும் பங்கு கேட்கத் தயங்கலாமா?

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கிளையும் இந்த மழைக்காலத்திலேயே ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். காளானின் பெயர், முளைக்கும் இடம், முளைக்கும் காலம், சமைக்கும் முறை, சொன்ன தாயின் பெயர், அவர் சம்மதம் எல்லாம் அதில் இருக்கட்டும். படித்த பிள்ளைகள் கைப்பேசியில் படம் பிடித்துச் சேர்க்கட்டும். ஆராய்ச்சியாளர் வந்தால் அந்த நோட்டை வைத்துக்கொண்டு பேசுவோம். வெறுங்கையோடு உட்கார வேண்டாம்.