வானத்தை வீட்டுக்குட் கொணர்ந்தவர்

பல்கலைக்கழகப் பட்டம் பெறாத ஒருவரை வானியலாளர் என அழைக்கலாமா? இங்கிலாந்தின் பற்றிக் மூரை எண்ணுந்தோறும் கலைப்பட்டதாரியாகிய எனக்கு இவ்வினா எழுவதுண்டு.

1923ஆம் ஆண்டு பிறந்த இவர், இதயக் கோளாற்றினாற் பெரும்பாலும் வீட்டிலேயே கற்றார். 6 வயதிற் படித்த வானியல் நூலொன்று அவர் உள்ளத்தை ஆட்கொண்டது. 11 வயதிற் பிரித்தானிய வானியற் கழகத்தில் உறுப்பினரானார். அங்கே பட்டம் கேட்பாரில்லை. கூரிய கண்ணும் பொறுமையுமே வேண்டும்.

போர்க்காலத்தில் விமானப்படையிற் பணியாற்றிய மூர், பின்னர்ச் சந்திரனின் விளிம்பையே தம் ஆராய்ச்சிக் களமாகக் கொண்டார். சந்திரன் நமக்கு எப்பொழுதும் ஒரே முகத்தையே காட்டுகின்றது, நேயர்களே. ஆயினும், பூமியிலிருந்து நோக்குவோர்க்கு அது சற்றே அசைந்தாடுவது போலத் தோன்றுவதால், மறுபுறத்தின் ஓரமும் இடையிடையே தென்படும். அவ்வோரத்தையே அவர் இரவிரவாக நோக்கி வரைந்தார். சந்திரக் குழிகள் எரிமலைகளால் ஆனவை என்றும் நெடுங்காலம் வாதிட்டார்; அது பிழையாயிற்று.

1957 ஏப்ரல் 24ஆந் திகதி பி.பி.சி. தொலைக்காட்சியில் அவரது ‘த ஸ்கை அற் நைற்’ நிகழ்ச்சி தொடங்கியது. 1959 ஒக்டோபரிற் சோவியத்தின் லூனா 3 மறுபுறத்தைப் படம்பிடித்தது. ஓரத்தை மட்டுமே கண்டிருந்த மூர், அப்படங்களையும் நேயர்களுக்கு விளக்கினார்.

மாதந்தோறும் நிகழ்ந்த அந்நிகழ்ச்சியை 55 ஆண்டுகள் நடத்தினார். 2004 யூலையில், கெட்ட வாத்து முட்டையால் நோயுற்றபோது மட்டுமே தவறினார். 2001இல் அரச கழகம் அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றது. 2012 டிசெம்பர் 9ஆந் திகதி மறைந்த அவர், சிறுவர்களின் கடிதங்களுக்கும் தமது பழைய தட்டச்சுப் பொறியிலேயே விடை எழுதி வந்தார்.