நீலப்புகை சொல்லும் செய்தி

நுழையும்முன்

மருத்துவர் நாடி பார்ப்பதுபோல வண்டி பழுதுபார்ப்பவர் புகை பார்க்கிறார். நிறம், மணம், வெளிவரும் நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு, எஞ்சினைத் திறக்காமலே அதன் உள்நிலையைப் பெருமளவு அறிந்துகொள்ள முடியும். அம்முறையை விளக்குகிறது இப்பாடம்.

தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் இருபுறமும் விடியற்காலையிலேயே ஷேர் ஆட்டோக்களும் வேன்களும் வரிசையில் நிற்கத் தொடங்கிவிடும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த டீசல் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக இயங்கும்போது சைலன்சர்கள் வழியே புகை கிளம்பும். சிலவற்றில் அது வெண்மையாக எழுந்து உடனே மறையும். சிலவற்றில் கறுப்பாகச் சீறும். ஒன்றிரண்டில் மட்டும் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் எழுந்து, கலையாமல் சற்று நேரம் தாழ மிதக்கும். அதைக் கண்டதும் வரிசையில் நிற்கும் பிற ஓட்டுநர்கள், "வண்டி ஆயில் குடிக்கிறது" என்பர். "ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டியதுதான்" என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடும். முதற்கூற்று பெரும்பாலும் சரியானது. இரண்டாவது அவசரத்தில் சொல்லப்படுவது. அன்றாட ஓட்டத்தில் கிடைக்கும் பணத்தைக் கொண்டு வண்டிக்கடனின் தவணையைக் கட்டுபவருக்கு, எஞ்சினை இறக்குவதென்பது செலவு மட்டுமன்று. பல நாள் வருவாயையும் இழப்பதாகும்.

நிறத்தின் பொருள்

ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ஃப் டீசல் 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய எஞ்சினில் தீப்பொறிக்கு இடமில்லை. உருளைக்குள் இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்டன் மிகுதியாக அழுத்துகிறது. அழுத்தத்தால் காற்று கடுமையாகச் சூடேற, அதன்மேல் தெளிக்கப்படும் எரிபொருள் தானே பற்றிக்கொள்கிறது. இன்றைய டீசல் எஞ்சின்களும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. காற்று குறைந்து எரிபொருள் மிகுந்தால் கரும்புகை வரும். எரிபொருள் எரியாமல் வெளியேறினாலோ, உருளைக்குள் நீர் புகுந்தாலோ வெண்புகை வரும். எரிபொருளுடன் மசகெண்ணெயும் சேர்ந்து எரிந்தால் வருவது நீலப்புகை.

இந்த நீலம் சாயத்தின் நிறம் அன்று. அரைகுறையாக எரிந்த எண்ணெய், மிக நுண்ணிய துளிகளாகக் குளிர்ந்து காற்றில் மிதக்கிறது. இத்துளிகள் சூரிய ஒளியிலுள்ள நீலத்தைச் சிவப்பைவிட மிகுதியாகச் சிதறடிக்கின்றன. வானம் நீலமாகத் தோன்றுவதற்கும் ஒளிச்சிதறலே காரணம். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன், கடலின் நீலத்தைப் பற்றிச் சிந்தித்துச் சென்ற வழியும் இதுவே. இவ்வுண்மையால் பணிமனையில் ஒரு பயன் உண்டு. ஒளிமிக்க வானத்தைப் பின்னணியாகக் கொண்டு பார்த்தால், அதே எண்ணெய்ப்புகை பழுப்பாகத் தெரியும். எனவே கதிரவன் பார்ப்பவரின் முதுகுப்புறம் இருக்க, இருண்ட சுவரையோ அடர்ந்த மரத்தையோ பின்னணியாக்கி நோக்கினால்தான் நிறம் சரியாகப் புலப்படும்.

மூக்கும் துணைசெய்யும். எரியாத டீசலின் புகை கண்ணைக் கரிக்கும். ரேடியேட்டரின் குளிர்விப்பு நீர்மம் கலந்த புகையில் மெல்லிய இனிப்பு வாடை இருக்கும். எண்ணெய்ப்புகையில் கருகிய நெடி தங்கும். மார்கழிக் குளிரில் முதல் இரண்டு நிமிடங்கள் எரியாத டீசலும் நீலங்கலந்த வெண்மையாகத் தோன்றுவதுண்டு. எஞ்சின் சூடேறியதும் அது மறைந்துவிட்டால் எண்ணெயைக் குறைகூறத் தேவையில்லை.

எண்ணெய் நுழையும் வழிகள்

மசகெண்ணெய் இருக்கவேண்டிய இடம் எஞ்சினின் கீழ்ப்பகுதியும் அதன் உராயும் உறுப்புகளும் ஆகும். எரியறைக்குள் அது மூன்று வழிகளில் புகலாம். கீழிருந்து, பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஏறலாம். மேலிருந்து, வால்வுத் தண்டுகளை ஒட்டி இறங்கலாம். அல்லது உள்ளிழுக்கப்படும் காற்றோடு கலந்தே வரலாம். ரிங்கைப் பற்றி மட்டுமே பலர் பேசுவதால் மற்ற இரு வழிகளும் மறக்கப்படுகின்றன.

பிஸ்டனின் மேற்பகுதியிலுள்ள ரிங்குகள் அழுத்தத்தைக் காக்கின்றன; கடைசி ரிங் லைனர் சுவரிலுள்ள எண்ணெயை வழித்துக் கீழே அனுப்புகிறது. லைனரின் உட்சுவர் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கவேண்டும் என்றே பலரும் கருதுவர். உண்மை அதற்கு நேர்மாறானது. அச்சுவரில் குறுக்கும்நெடுக்குமாக மெல்லிய கீறல்கள் வேண்டுமென்றே இடப்படுகின்றன. அக்கீறல்களில் தங்கும் எண்ணெய்ப்படலமே ரிங்கைத் தேயாமல் காக்கிறது. எஞ்சின் நெடுநேரம் சுமையின்றி மெதுவாக ஓடிக்கொண்டே இருந்தால், ரிங்குகள் சுவரில் அழுந்தப் பதிவதில்லை. எரியாத எச்சங்கள் கீறல்களில் படிந்து சுவரை மெழுகிவிடுகின்றன. மேடவாக்கம், பெரும்பாக்கம் பகுதிகளில் அடுக்ககங்களுக்குத் தண்ணீர் ஏற்றும் லாரிகளுள் சில, எஞ்சினை ஓடவிட்டே நீரை இறக்குகின்றன. பழைய மாமல்லபுரம் சாலையின் அலுவலகக் கட்டடங்களில் பெரிய ஜெனரேட்டர்கள் சிறு சுமைக்காக மணிக்கணக்கில் ஓடுவதுண்டு. இத்தகைய எஞ்சின்கள் அதிகம் உழைக்காமலே நீலப்புகை விடுவதன் காரணம் இதுதான். வேலைப்பளுவால் வந்த தேய்மானம் என்று இதனைக் கொள்வது பிழை.

தென்சென்னைப் புறநகருக்கே உரிய மற்றொரு காரணம் வெள்ளம். 2015 டிசம்பர் 2-ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாகியது. அடையாறு கரைபுரண்டு, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, நீர் வடிந்ததும் ஓடுகிறதா என்று பார்க்க ஒருமுறை சாவியைத் திருப்புவது மனித இயல்பு. ஆனால் காற்றைப்போல் நீர் சுருங்குவதில்லை. உருளைக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலேறினால், அதனைத் தாங்கும் இணைப்புத்தண்டு வளைந்துவிடும். சிறிதே வளைந்த தண்டோடு வண்டி பின்னர் ஓடவும் செய்யலாம். சாய்ந்தபடி இயங்கும் பிஸ்டன் லைனரை ஒருபக்கமாகத் தேய்க்க, நெடுநாள் கழித்துப் புகை தோன்றும். வெள்ளத்துக்கும் புகைக்கும் உள்ள தொடர்பு அதற்குள் மறந்துபோயிருக்கும். பழைய வண்டியை வாங்குபவர் புகையைப் பற்றிக் கேட்பதற்கு முன், அது மூழ்கியதுண்டா எனக் கேட்பது நலம்.

காற்றுவழியில் எண்ணெயைக் கொணர்வது பெரும்பாலும் டர்போ. வேன், லாரி போன்றவற்றில் காற்றை உந்தித் தரும் இச்சிறு கருவியின் தண்டு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுகளுக்கு மேலும் சுழலக்கூடியது. எண்ணெய்ப்படலத்தின்மீது மிதந்தே சுழல்கிறது. அதன் சீல் தேய்ந்தால் எண்ணெய் காற்றோடு கலக்கும். டர்போ நல்ல நிலையில் இருந்தாலும், எண்ணெய் திரும்பிச் செல்லும் குழாய் அடைபட்டால் இதே விளைவு ஏற்படும். ஏர் ஃபில்டர் தூசியால் அடைபட்டால், காற்றுக்குத் திணறும் டர்போ எண்ணெயையும் சேர்த்து உறிஞ்சக்கூடும். அந்நிலையில் ஃபில்டரை மாற்றியதுமே புகை நின்றுவிடலாம்.

எப்போது வருகிறது?

தேர்ந்த மெக்கானிக் முதலில் கேட்கும் கேள்வி, "புகை எப்போது வருகிறது?" என்பதே. இரவு நின்ற வண்டியைக் காலையில் இயக்கியதும் ஒரு குப்பெனப் புகைந்து, பின் தெளிந்துவிட்டால், வால்வு சீல்கள் வழியே இரவெல்லாம் எண்ணெய் சொட்டியிருக்கிறது எனலாம். சீல்களை எஞ்சினை இறக்காமலே மாற்ற முடியும். கிழக்குத் தாம்பரத்தையும் மேற்குத் தாம்பரத்தையும் இணைக்கும் மேம்பாலத்தில் முழுச்சுமையுடன் ஏறும்போது புகை அடர்ந்து, இழுவையும் குறைந்தால், ரிங்கின்மேல் ஐயம் கொள்ளலாம். சிக்னலில் நெடுநேரம் நின்று கிளம்பும்போது மட்டும் புகைமண்டலம் எழுந்தால், டர்போவையோ மெழுகிய லைனரையோ நோக்க வேண்டும். சர்வீஸ் முடிந்து வந்த நாளிலிருந்தே புகைத்தால், எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றிவிட்டார்களா என்பதை முதலில் பார்ப்பதே அறிவுடைமை.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போது புகை வந்தால் வால்வு கைடு தேய்ந்துள்ளது என்பது பெட்ரோல் வண்டிகளுக்கான பழைய விதி. பெட்ரோல் எஞ்சினின் காற்றுவழியை ஒரு தகடு மூடித் திறப்பதால், அங்கு வெற்றிடம் உண்டாகி எண்ணெயை இழுக்கும். பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் அவ்வாறு காற்றை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே ஒன்றின் விதியை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்தக்கூடாது.

திறக்கும் முன்

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதே முதற்சோதனை. இதற்குச் செலவே இல்லை. அளவு மேற்குறிக்கு மேலே இருந்து, எண்ணெய் நீர்த்து டீசல் வாடையும் வீசினால், எரிபொருள் கசிந்து எண்ணெயோடு கலக்கிறது என்று பொருள். பின்னர் எஞ்சின் மெதுவாக ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பர். அவ்வழியே புகை குபுகுபுவென வெளியேறினால் பணிமனை வழக்கில் அதனை 'பேக் கம்ப்ரஷன்' என்பர். எரியறையின் அழுத்தம் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசிகிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆயினும் எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் அடைபட்டாலும் இவ்வாறு தோன்றும். குழாயைத் தூய்மை செய்த பிறகு ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றினால் உள்ளே மெல்லிய எண்ணெய்ப்பூச்சு இருப்பது இயல்பு. குட்டையாகத் தேங்கியிருப்பது இயல்பன்று.

இவற்றின் பின்னும் ஐயம் தீரவில்லையெனில் அழுத்தச் சோதனை. பெரும்பாலான டீசல் எஞ்சின்களில் உருளையின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 25 முதல் 35 கிலோகிராம் அளவில் இருக்கும். உருளைகளுள் ஒன்றில் மட்டும் அது வெகுவாகக் குறைந்திருந்தால் பழுது அவ்வுருளையில் உள்ளது. அடுத்து, வால்வுகள் இரண்டும் மூடிய நிலையில் இன்ஜெக்டர் துளைவழியே கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் காதால் கேட்பர். காற்று டிப்ஸ்டிக் துளையில் இரைந்தால் ரிங் அல்லது லைனர். சைலன்சரில் இரைந்தால் வெளியேற்று வால்வு. ரேடியேட்டரில் குமிழியிட்டால் ஹெட் கேஸ்கட். ஸ்பானர் தொடுவதற்கு முன்பே காது சொல்லிவிடும் செய்தி இது.

நீலப்புகையைக் கண்டும் காணாமல் இருப்பதில் இடர் ஒன்று உண்டு. டீசல் எஞ்சினுக்கு மசகெண்ணெயும் எரிபொருள்தான். டர்போ உடைந்து எண்ணெய் வெள்ளமாக உட்புகுந்தால், சாவியை அணைத்த பின்னும் எஞ்சின் அலறிக்கொண்டு ஓடும். கியர் வண்டியானால் பிரேக்கை முழுதும் அழுத்தி, உச்ச கியரில் போட்டுக் கிளட்சை விட்டு நிறுத்தலாம். காற்று வரும் வழியைக் கையால் பொத்த முயலக்கூடாது. அது இயலாதபோது விலகி நிற்பதே உயிர்க்காப்பு.

மாசுக்கட்டுப்பாட்டுச் சான்று கையில் இருக்கிறது என்று அமைதி கொள்வதும் சரியன்று. டீசல் வண்டியின் சோதனைக்கருவி, புகை எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது; மெல்லிய நீலப்புகை அதில் தேறிவிடக்கூடும். 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் நிலை ஆறு வண்டிகளிலோ, புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி நீலத்தை மறைத்துவிடலாம். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் குறைந்துகொண்டே வருவதும், அவ்வடிகட்டி அடிக்கடி அடைபடுவதும்தான் அங்குத் தெரியும் அறிகுறிகள். ஆகவே எத்தனை கிலோமீட்டருக்கு எவ்வளவு எண்ணெய் ஊற்றப்பட்டது என்பதைத் தேதியுடன் எழுதிவைக்கும் ஓட்டுநரின் சிறு குறிப்பேடு, மெக்கானிக்கிற்கு எந்தக் கருவியையும்விடப் பயன்படும்.

ரிங்தான் பழுது எனத் தெளிந்து, லைனரைப் புதுப்பித்துப் பொருத்திய பின்னரும் சில நூறு கிலோமீட்டர் வரை சிறிது நீலப்புகை வரக்கூடும். புது ரிங்குகள் சுவரோடு படிந்து பொருந்துவதற்கு அவ்வளவு ஓட்டம் தேவைப்படுகிறது. இந்நாள்களில் வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிடாமல், மிதமான சுமையுடன் வேகத்தை ஏற்றியும் இறக்கியும் ஓட்டுமாறு மெக்கானிக்குகள் சொல்லி அனுப்புவர்.